தலையில் இரண்டாம் நடவு

கலியமூர்த்தி செத்துக் கிடந்தார்!

தன் சொந்தப் பொம்மைக் கம்பெனியில், சிமெண்டுத் தரையில், குப்புற. பின்மண்டை பிளந்திருந்தது. சூளைக் கதவைத் தள்ளித் திறக்கிற இரும்புக் கம்பி பக்கத்தில் ரத்தம் பூசிக்கொண்டு கிடந்தது.

அவர் மண்டை மட்டுமா உடைந்திருந்தது?

ஒரு அலமாரி நிறைய இருந்த பீங்கான் பொம்மைகளும் உடைந்து கிடந்தன. அதிலும் தலை மட்டும்! தொந்தி அப்படியே இருந்தது. கைகால் அப்படியே இருந்தது. ஒரு பொம்மைக்குக்கூடத் தலை இல்லை.

வாசலில் வந்து நின்றவள் அலறினாள்.

"ஐயோ... மொதலாளீ...!"

கேட்பதற்கு ஆள் இல்லை. அன்று மாசி மகம். 1975-ஆம் வருஷத்து மாசி மகம். விருத்தாசலம் மொத்தமும் மணிமுத்தாற்றில் முங்கிக்கொண்டிருந்தது. செராமிக் எஸ்டேட்டில் ஒரு சூளைகூடப் புகையவில்லை.

இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். ஆற்றங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரைக் கிளப்பிக் கொண்டுவந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. தன்னைக் கேட்காமல் செத்துப்போனதற்காகக் கலியமூர்த்தியை முறைத்தார். தொப்பியைக் கழற்றினார். வழுக்கையைத் துடைத்தார். மறுபடி அவசரமாக மாட்டிக்கொண்டார்.

"ஏட்டு எங்கய்யா?"

"பழமலை ஏட்டு லீவுங்க சார். மெட்ராஸ்ல மாமியாருக்கு சீரியஸாம்."

"மகத்தன்னிக்குப் பார்த்துத்தான் மாமியாருக்கு சீரியஸாவுமா? வரட்டும், வச்சுக்கறேன்!" என்றவர் அலறியவள் பக்கம் திரும்பினார். "நீ யாரு?"

"நீலாவதிங்க. பொம்மைக்குக் கண்ணு, ஒதடு எழுதறவ."

"கையில என்ன செவப்பு?"

"பெயிண்டுங்க சார். வூட்டுல ஒதடு எழுதிக்கிட்டிருந்தேன். அப்படியே எழுந்து வந்தேன்."

"ரத்தத்துக்கும் பெயிண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

தெரியாது. அவள் கையிலிருந்து டர்பெண்டைன் நெடி வாசல்வரை அடித்தது. இன்ஸ்பெக்டரின் மூக்கு பொடி போடுவதற்கு மட்டும் பயன்பட்டு வந்த மூக்கு.

"நேத்து இவருகூட சண்டை போட்டியாமே? கம்பெனியே கேட்டுருக்குது!"

"போட்டேன்தான். இந்தப் பொம்மைய இனிமே எழுத மாட்டேன்னேன். மாட்டேன்னா கணக்கை முடிச்சிக்கிட்டுப் போன்னாரு. அதான் இன்னிக்குத் தனியாப் பார்த்துச் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"பொம்மையில என்ன கெடக்குது?"

நீலாவதி குனிந்தாள். உடைந்த சில்லுகளில் இரண்டை எடுத்துப் பொருத்திக் காட்டினாள். உப்பிய கன்னம். ஈ என்ற இளிப்பு. மொட்டைத் தலை. அந்த மொட்டையில் வரிசை வரிசையாகக் கறுப்புக் குச்சங்கள்...

"யாருன்னு தெரியுதுங்களா?"

தெரிந்தது. கலியமூர்த்தியின் தம்பி சக்கரபாணி!

சக்கரபாணிக்கு நாற்பது வயசு. கல்யாணம் ஆகவில்லை. முப்பதிலேயே முன்தலை காலி. பத்து மாசத்துக்கு முன்னால் பம்பாய்க்குப் போய், பின்னந்தலையிலிருந்து முடியைத் தோலோடு தோண்டி எடுத்து முன்னந்தலையில் நட்டுக்கொண்டு வந்தான். நட்டது ஒரே மாதத்தில் கொட்டிற்று. அழுதான். பிறகு முளைத்தது. முளைத்த லட்சணம்தான் சகிக்கவில்லை. இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து. நடுவில் பளபளவென்று தரை!

அண்ணன் வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? அதை அப்படியே அச்சு எடுத்து, பொம்மை போட்டு, 'நடவுத் தலையன்' என்று பேர் வைத்து விற்றார். தம்பியின் மானத்தைக் கொலுப்படியில் ஏற்றிய புண்ணியவான்.

"ஸ்ரீமுஷ்ணத்துல சின்னவருக்குப் பொண்ணு பாக்கப் போனாங்க சார்," என்றாள் நீலாவதி. "கொலு நேரம். மஃப்ளரைச் சுத்திக்கிட்டு காப்பி குடிக்கறாரு... எதுத்தாப்புல கொலுவுல அவுரு தலையே உக்காந்து இளிக்குது! அண்ணங்காரரு சும்மா இல்லாம, இதான் மாப்பிள்ளைன்னு பொம்மையக் காட்டிட்டாரு. பொண்ணே சிரிச்சிட்டுது. அதோட போச்சு. எழுதுன கையை ஒடிப்பேன்னு எங்கிட்ட வந்து நின்னாரு சார் சின்னவரு! அவரை விசாரிங்க!"

"சக்கரபாணி மெட்ராஸ் ஆஸ்பத்திரியில கெடக்கறான். ரெண்டாவது நடவுக்கு. காலைல ரயிலேறிப் போனதை ஊரே பார்த்துது. ஏறு ஜீப்புல!"

நீலாவதி கையிலிருந்த சில்லுகளை மெல்லக் கீழே வைத்தாள்.

"தூக்குல போட்டுருவாங்களா சார்?"

"அது ஜட்ஜு வேலை. உன்னை அங்க கொண்டுபோய் விடறதுதான் என் வேலை."

அந்த வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தார்.

*

மறுநாள் பிணம் வாசலில் இருந்தபோது சக்கரபாணி வந்து இறங்கினான்.

தலையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று கட்டு. புருவத்திலிருந்து பிடரிவரை. கட்டுக்கு மேலே மஃப்ளர். அண்ணன் காலில் விழுந்து கதறினான். கதறும்போதும் ஒரு கை கட்டு நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

கலியமூர்த்திக்குப் பிள்ளை இல்லை. தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். கொள்ளி வைக்கிறவன் மொட்டை போட வேண்டும். நாவிதர் பக்கிரி கிண்ணத்தில் தண்ணீரும் கையில் கத்தியுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க தம்பி."

"கத்தி படக்கூடாதுங்க!" சக்கரபாணி பின்வாங்கினான். "நேத்துத்தான் ஆபரேஷன் ஆயிருக்குது. கத்தி பட்டா செப்டிக் ஆயிடும்னு டாக்டர் சொல்லிருக்காரு!"

உள்ளேயிருந்து கலியமூர்த்தியின் மனைவி ஆதிலட்சுமி தலைவிரி கோலமாக வந்தாள்.

"கொள்ளி பெருசா மயிரு பெருசா கொழுந்தனாரே? வளர்த்த அண்ணன் கெடக்கறாரு... நாலு முடி போனா நீங்க செத்துப் போயிடுவீங்களா?"

"அண்ணி, கருமாதிக்குள்ள ஆறிடும்... அப்பப் போட்டுக்கறேன் அண்ணி..."

ஊர் காறித் துப்பியது. மனசுக்குள்தான். வெளியே துப்ப யாருக்கும் தைரியமில்லை. இனி கம்பெனிக்கு முதலாளி அவன்தானே!

கட்டுப் போட்ட தலையோடு கொள்ளி வைத்தான். விருத்தாசலம் பார்த்த முதல் கொள்ளி அப்படி.

இன்ஸ்பெக்டர் கடமைக்கு மெட்ராஸுக்கு ஒரு டிரங்க் கால் போட்டார். ஆஸ்பத்திரி நர்ஸ் பேசினாள்.

"விருத்தாசலம் சக்கரபாணிங்களா? ஆமாங்க, வந்தாரு. மத்தியானம் டேபிள்ல படுத்தவரு பொழுது சாயறப்பத்தான் எழுந்தாரு."

கலியமூர்த்தி செத்தது மத்தியானம். அவ்வளவுதான்... சக்கரபாணியின் பக்கம் கதவு மூடியது. நீலாவதிக்கும் கதவு மூடியது. அவளுக்கு மூடியது கிளைச் சிறையின் இரும்புக் கதவு.

அன்று சாயங்காலம் ஏட்டு பழமலை லீவு முடிந்து வந்தார். தொப்பியைக் காதுவரை இழுத்து மாட்டியிருந்தார்.

"மாமியா எப்படிய்யா?"

"பொழைச்சிக்கிச்சுங்க சார்."

"உன் மாமியா பொழைச்சிட்டா. இங்க ஒருத்தன் பூட்டான். போய் அந்த நீலாவதிக்கு சோத்துக்கு வழி பண்ணு."

பழமலை தினமும் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார். கம்பிக்குள்ளே தட்டைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ஏட்டய்யா... நான் செய்யலீங்க. நீங்களாச்சும் இன்ஸ்பெக்டரய்யாகிட்ட எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"தின்னும்மா. ஆறிடப்போவுது."

சொல்லிவிட்டுத் தொப்பிக்குள் பென்சிலை விட்டுச் சொறிந்துகொண்டே போய்விடுவார்.

*

நாள் ஓடியது. சக்கரபாணி கட்டைப் பிரித்தான். மஃப்ளர் மட்டும் மிஞ்சியது. அதன் முன்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு எண்ணெய் தடவிய கறுப்பு முடி எட்டிப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். ஏக்கமாகப் பார்த்தார்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு பெருமூச்சு விடாதவர், அந்த நாலு விரல் முடிக்குப் பெருமூச்சு விட்டார். அடுத்த மாசம் மச்சினி கல்யாணம். தொப்பி போட்டுக்கொண்டா போட்டோவில் நிற்பது?

கருமாதிக்கு முதல் நாள். ஸ்டேஷனில் கூட்டமில்லை. இன்ஸ்பெக்டர் போனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஏட்டு! போய் டீ வாங்கிட்டு வா. மெதுவா வா."

"யாருக்கு சார் போனு?"

"அந்த மெட்ராஸு முடி டாக்டருக்கு. உனக்கென்னய்யா?"

பழமலை நகரவில்லை. நெற்றியில் வேர்வை.

"கேஸுதான் முடிஞ்சிடிச்சே சார்... டாக்டருக்கு எதுக்கு சார் மறுபடியும்..."

"டீ வாங்கிட்டு வான்னேன்!"

போனார். டிரங்க் கால் கிடைக்க நேரமாயிற்று. இந்தத் தடவை டாக்டரே பேசினார். இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டாக்டர்... ஒரு பர்சனல் மேட்டர். எனக்கும் முன்னாடி கொஞ்சம் காலி. ஒரே தடவைல முடிஞ்சிடுமா, ரெண்டாவது தடவையும் வரணுமா?"

"அவசரப்படாதீங்க. மொத தடவை நட்டது ஒரு மாசத்துக்குள்ள கொட்டிடும். எல்லாரும் பயந்துபோய் அப்பவே ரெண்டாவது பண்ணுங்கன்னு ஓடி வருவாங்க. நான் திருப்பி அனுப்பிடுவேன். வேர் உள்ளதான் இருக்கு. மூணு நாலு மாசம் கழிச்சுத்தான் முளைக்கும். கிட்டத்தட்ட ஒரு வருஷம் போகட்டும், எங்கெங்க சந்து விழுந்திருக்குன்னு தெரியும். அப்பத்தான் ரெண்டாவது தேவையா இல்லையான்னே முடிவு பண்ணணும். அதுவும் பின்னந்தலையில எடுக்கறதுக்கு மிச்சம் இருந்தா!"

"ஆனா எங்க ஊரு சக்கரபாணிக்கு இப்பவே பிரமாதமா நிக்குதே டாக்டர்? ரெண்டு வாரத்துல நாலு விரல் முடி!"

"நிக்குதா?" டாக்டர் சிரித்தார். "இந்நேரம் கொட்ட ஆரம்பிச்சிருக்கணுமே!"

"இல்லை டாக்டர், ரெண்டாவது ஆபரேஷன்ங்கறதால ஒருவேளை..."

"ரெண்டாவதா? யாருக்கு?"

"சக்கரபாணிக்குத்தான். மொதல்ல பம்பாயில..."

"இன்ஸ்பெக்டர்! அந்த ஆளுக்கு நான் பண்ணது மொதல் ஆபரேஷன். பின்னந்தலையில ஒரு தழும்பு கிடையாது. கத்தியே படாத தலை!"

இன்ஸ்பெக்டரின் கை பொடிமட்டையில் அப்படியே நின்றது.

அப்படியென்றால்... டேபிளில் படுத்தது சக்கரபாணி இல்லை! வேறு ஒரு தலை!

"டாக்டர்... ஆள் எப்படி இருந்தான்?"

"மொகம் சரியா ஞாபகம் இல்லை. பாதி நேரம் குப்புறப் படுத்திருந்தார், நான் பார்த்தது மண்டைதான். ஆனா ஒரு விஷயம் மறக்காது. ஆபரேஷன் முடிஞ்சு எழுந்திரிங்கன்னு சொன்னேன். அப்ப அவர் என்ன பண்ணார் தெரியுமா...?"

டாக்டர் சொன்னார்.

பொடிமட்டை கீழே விழுந்தது.

பழமலை டீயோடு உள்ளே வந்தார்.

"ஏன் சார் ஒரு மாதிரி இருக்கறீங்க?"

"ஒண்ணுமில்லை. நாளைக்குக் கருமாதிக்குப் போறோம். நீயும் வா."

*

ஆற்றங்கரை. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கிரி அன்று கொண்டுவந்த அதே கிண்ணத்தோடு காத்திருந்தார்.

"இன்னிக்காவது உக்காருவீங்களா தம்பி?"

"இன்னும் ஆறலீங்க." சக்கரபாணி மஃப்ளரை இறுக்கினான். "வருஷத் திதிக்குப் பாத்துக்கலாம்."

ஜீப் வந்து நின்றது.

"உக்காருங்க சக்கரபாணி," என்றார் இன்ஸ்பெக்டர். "டாக்டர்கிட்ட நான் பேசிட்டேன். சிரைக்கலாமாம்."

"இ... இன்ஸ்பெக்டர், என் தலையில கை வைக்க உங்களுக்கு..."

இரண்டு போலீஸ்காரர்கள் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். மஃப்ளர் கழன்றது. முன்னால் மட்டும், பம்பாய்க் குத்துகளைச் சேர்த்து இழுத்துப் படிய வாரிய எண்ணெய் முடி. அதற்குப் பின்னால் அதே பழைய பொட்டல். அதே பழைய குச்சங்கள்!

பக்கிரி அவன் பிடரியை வெளிச்சத்துக்குத் திருப்பி முடியை விலக்கினார்.

"எல்லாம் பழைய தழும்புங்க. வெளுத்துப் போயி ரொம்ப நாளாவுது. புதுக்காயம் ஒண்ணுமே இல்லீங்களே!"

ஆதிலட்சுமி எழுந்து நின்றாள்.

"அப்பக் கட்டு...? கட்டுப் போட்டுக்கிட்டு வந்து நின்னீங்களே!"

"கட்டு மட்டும்தான் போட்டாரும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "ராத்திரியே விசாரிச்சிட்டேன். ரயிலேறி உளுந்தூர்பேட்டையில இறங்கி, லாரி புடிச்சித் திரும்பி வந்து, வேலைய முடிச்சிட்டு மறுபடி மெட்ராஸ் போயிருக்காரு. சரிதானே சார்?"

சக்கரபாணி சிரித்தான். பயந்தவன் சிரிக்கிற சிரிப்பு.

"கதை நல்லாருக்குது. அப்ப என் பேர்ல டேபிள்ல படுத்தது யாரு? இருந்தாக் காட்டுங்க பாக்கலாம்!"

"காட்டறேன். ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் 'எழுந்திரிங்க'ன்னாராம். அந்த ஆளு எழுந்து, ரெண்டு காலையும் சேர்த்து டக்குனு வெறைச்சி நின்னு..."

இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.

"...டாக்டருக்கு ஒரு சல்யூட் அடிச்சானாம்!"

யாருக்கும் புரியவில்லை. ஒரே ஒருத்தருக்குப் புரிந்தது. அவர் ஜீப் பக்கம் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"பழமலை! அட்டென்ஷன்!"

ஏட்டின் கால்கள் டக்கென்று சேர்ந்தன. பழக்கம்!

"தொப்பியைக் கழட்டு."

"சார்... வேணாம் சார்... புள்ளகுட்டிக்காரன் சார்..."

இன்ஸ்பெக்டரே கழற்றினார்.

வரிசை வரிசையாகப் பொருக்குத் தட்டிய வட்டங்கள். புதுசு! தொப்பியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் முடி வந்தது. மிச்சம் ஆற்றுக் காற்றில் பறந்தது. ஐயரின் பிண்டத் தட்டில் இரண்டு விழுந்தன.

"கொலைன்னு சத்தியமாத் தெரியாது சார்!" பழமலை அப்படியே மணலில் உட்கார்ந்தார். "எனக்கு பயமாருக்குது, பணம் கட்டிட்டேன், வீணாவுது, நீ போய்ப் படுத்துக்க ஏட்டுன்னாரு. பேரை மட்டும் என் பேராச் சொல்லுன்னாரு. சும்மா மயிரு மொளைக்குதேன்னு போனேன் சார்!"

"வந்ததும் தெரிஞ்சிதுல்ல? ஒரு பொம்பள தூக்குக்குப் போறான்னு தெரிஞ்சிதுல்ல? தினம் சோறு கொண்டுபோய் வச்சியே, அப்பக் கூடவா வாய் வரல?"

"சொல்லிடலாம்னுதான் சார் இருந்தேன்..." ஏட்டு தேம்பினார். "மொளைச்சதும் சொல்லிடலாம்னு..."

ஒரு மனுஷியின் கழுத்து இந்தப் பக்கம். ஒரு பிடி முடி அந்தப் பக்கம். தராசைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் நின்றிருக்கிறது ஒரு காக்கிச் சட்டை. கொன்றவனையாவது கோபக்காரன் என்று சொல்லலாம். இவனை என்னவென்று சொல்வது?

சக்கரபாணி தலையைத் தொங்கப்போட்டான்.

"அச்சை ஒடைச்சிடுண்ணான்னு கால்ல விழுந்தேன்... மாட்டேன்னு சிரிச்சான். அடுத்த கொலுவுக்கு இதைவிடப் பெருசாப் போடறேன்னான். கம்பி கையில இருந்துது..."

"கம்பி கையில இருந்துச்சா, திட்டம் போட்டுக் கொண்டுவந்தீங்களா? ஏட்டைப் படுக்க வச்சது யாரு, கம்பியா?"

சக்கரபாணி கழன்று கிடந்த மஃப்ளரை எடுக்கக் கை நீட்டினான்.

ஆதிலட்சுமி அழவில்லை. நாவிதரைப் பார்த்தாள்.

"பக்கிரி... இப்ப சிரைங்க."

கத்தி ஏறியது. பம்பாயில் நட்ட முதல் வரிசை மணலில் விழுந்தபோது சக்கரபாணி ஓவென்று அழுதான். அண்ணன் பிணத்துக்கு அழுததைவிட நிஜமான அழுகை அது.

*

நீலாவதி கிளைச் சிறையிலிருந்து வெளியே வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. விரல் நகங்களில் அந்தச் சிவப்புப் பெயிண்டு இன்னும் மிச்சம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் எப்படியோ கோணியது.

"தப்பு நடந்துபோச்சும்மா. நான் மட்டும் அந்த டாக்டருக்குப் போன் பண்ணலைன்னா..."

"எதுக்குப் பண்ணீங்கன்னு சொன்னாங்க சார்."

"யார் சொன்னது?"

"ஏட்டய்யாதான். பக்கத்து ரூமுல போட்டிருக்கறீங்களே. டீக்கடைக்குப் போவாம ஜன்னலாண்ட நின்னு கேட்டுருக்காரு, உங்க முடிக்குத்தான்னு தெரிஞ்சதும் நிம்மதியா டீ வாங்கப் போயிட்டாராம். ராவெல்லாம் பொலம்பறாரு. மொளைக்கறதுக்கு மூணு மாசம் ஆவுமாம், அதுக்குள்ள ஜெயில்ல மொட்டை அடிச்சிருவாங்களான்னு எங்கிட்ட கேக்கறாரு."

இன்ஸ்பெக்டரின் கை தானாகத் தொப்பிக்குப் போனது.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத நீலாவதி. இனிமே என்ன பண்ணப்போற? வேற வேலை ஏதாவது..."

"எதுக்கு சார் வேற வேலை? கம்பெனிய இனிமே ஆதிலட்சுமியம்மாதான் பாக்கறாங்க. நேத்து மனுப் போட்டு ஜெயிலுக்குள்ள வந்து எங்கிட்ட பேசிட்டுப் போனாங்க. நடவுத் தலையன் அச்சை ஒடைச்சாச்சு. வர்ற கொலுவுக்குப் புதுசா ஒரு பொம்மை வேணுமாம்."

"என்ன பொம்மை?"

நீலாவதி அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலே. தொப்பியில் வந்து கண் நின்றது.

"போலீஸு பொம்மைங்க சார். தொப்பி தனியாக் கழட்டி மாட்டறாப்புல..."

தெருவில் இறங்கிச் சேலையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"மீசைக்கு மட்டும் கறுப்பு வாங்குனாப் போதும்... தலைக்குப் பெயிண்டு செலவே இல்லை!"